பஸ் வாங்கிய பெற்றோரும் கணக்குக் கேட்ட பெற்றோரும்

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி முறையில் வவுனியா ஒரு பின்தங்கிய மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும் பங்கிடப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. அந்தப் பதினாறில் வவுனியாவும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் மாவட்டத்தின் வடக்கே உள்ள நெடுங்கேணிப் பிள்ளைக்கு அரசு ஒரு கை கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கையைப் பற்றிக்கொள்வது யார்? வவுனியா நகரத்தில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நெடுங்காலமாக நடக்கின்றன. பிரத்தியேக வகுப்புகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஏ-9 வீதியில் வடக்கே வந்து, புளியங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பினால் வரும் நெடுங்கேணியும், அதற்கும் உள்ளே கிடக்கும் ஒலுமடு, மருதோடை, பட்டிக்குடியிருப்பு, வெடிவைத்தகல்லு போன்ற ஊர்களும் அதே மாவட்டம்தான், அதே வெட்டுப்புள்ளிதான். மாவட்டக் கோட்டா கொழும்புக்கும் வவுனியாவுக்கும் இடையிலான தூரத்தை அளக்கிறது. வவுனியா நகரத்துக்கும் வவுனியா வடக்குக்கும் இடையிலான தூரம் அதன் அளவுகோலில் இல்லை. கோட்டாவை நான் குறை சொல்லவில்லை; அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் மாவட்டச் சராசரிக்குள் ஒரு பிரதேசமே காணாமல் போய்விடுகிறது.

இப்படிக் காணாமல் போகும் பிள்ளைகளைப் பற்றிக் கூட்டங்களில் பேச்சு வரும்போது திரும்பத் திரும்ப ஒரு விளக்கம் சொல்லப்படும்: "தாய் தகப்பனுக்கு அக்கறை இல்லை." பெறுபேறு குறைந்தால் அக்கறை இல்லை. பிள்ளை கச்சான் பிடுங்கப் போனால் அக்கறை இல்லை. கூட்டத்துக்கு வராவிட்டாலும் அக்கறை இல்லை. இதே குற்றச்சாட்டு உலகத்தின் வேறு மூலைகளில் வேறு பெற்றோர்மீதும் சுமத்தப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் கறுப்பினப் பெற்றோர் அதை எதிர்கொண்ட விதம் வன்னியில் இருக்கும் நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் பெற்றோர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். வவுனியா வடக்கு குளங்களைச் சுற்றி உருவான பழைய ஊர்களும், பிற்காலக் குடியேற்றங்களும் கலந்த நிலம். 1958 வன்செயல், 1973-74 காலத்தில் தோட்டங்களில் ஏற்பட்ட பட்டினி, 1977, 1983 வன்செயல்கள் ஆகிய ஒவ்வொன்றுக்குப் பிறகும் மலையகத் தமிழர்கள் வன்னிக்கு வந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே அவர்களில் பெரும்பகுதி. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் இயக்கம் இந்த எல்லைப்புறங்களில் அவர்கள் குடியேற உதவியது; குடியிருப்புகளில் பாலர் பாடசாலைகளையும் தொடங்கியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நெடுங்கேணிக்குக் கிழக்கே கென்ற், டொலர் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அவர்களின் இடத்தில் குடியமர்த்தப்பட்ட சிங்களக் கைதிகளும் குடும்பங்களும் அதே ஆண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் என்பது ஓட்டத்தின் நடுவே நடந்த ஒன்று. 1997இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை, 1999இல் மறுபடியும் கைமாற்றம், 2009இல் முழு இடப்பெயர்வு, செட்டிகுளம் மனிக் பாம் முகாம், பிறகு மீள்குடியேற்றம். இன்று பாடசாலைக் கூட்டத்தில் பின்வாங்கில் இருக்கும் தாய், தன் சாதாரண தரப் பரீட்சையை இந்த ஓட்டத்தில் இழந்தவளாக இருக்கக்கூடும். அவளுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர் இதை அறிந்துதான் சொல்கிறாரா?

பெற்றோருக்கென்று அமைப்பு இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு அரச பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. சட்டப்படியும் சுற்றறிக்கைப்படியும் அது பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் சேர்ந்த அமைப்பு. அதிபரே தலைவர். நடைமுறையில் பெற்றோர் எதற்கு அழைக்கப்படுகிறார்கள்? வளவு துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு. விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டகை போட. வேலிக்குக் கட்டை கொண்டுவர. வசதிக்கட்டணம் கட்ட. ஆசிரியர் வெற்றிடம் நிரம்பாதபோது தொண்டர் ஆசிரியர் ஒருவருக்கு மாதாந்தம் கொடுக்கக் காசு சேர்க்க. இவற்றில் ஒன்றும் இழிவான வேலை இல்லை. போர்க்காலத்தில் வன்னிப் பாடசாலைகள் மூச்சு விட்டதே தொண்டர் ஆசிரியர்களாலும் ஊர்ப் பெற்றோராலும்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள்: இந்தப் பட்டியல் முழுவதும் பெற்றோர் கொடுப்பவை. அவர்கள் கேட்பதற்கென்று நிகழ்ச்சிநிரலில் ஒரு வரி இல்லை. "சேர், கணித ரீச்சர் எப்ப வருவா?" என்று ஒருவர் எழும்பிக் கேட்டால், "வலயத்துக்கு அறிவிச்சிருக்கு" என்ற பதிலோடு அடுத்த விடயத்துக்குக் கூட்டம் போய்விடும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் உள்ள கிளாரண்டன் மாவட்டத்துக்குப் போக வேண்டும். பருத்தி விளையும் ஏழை நாட்டுப்புறம் அது. 1947இல் அங்கே வெள்ளையினப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல 30 பள்ளி பஸ்கள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பல மைல் தூரம் அவர்கள் நடந்தே போனார்கள். பெற்றோர் சும்மா இருக்கவில்லை. நம்மவர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: தங்களுக்குள் காசு சேர்த்து ஒரு பழைய பஸ் வாங்கினார்கள். அது அடிக்கடி பழுதானது. திருத்தவும் எரிபொருள் போடவும் அவர்களிடம் பணம் போதவில்லை.

லீவை பியர்சன் என்ற விவசாயி, ஜோசப் டிலேன் என்ற போதகரும் ஆசிரியருமானவரின் தூண்டுதலில், பஸ் கேட்டு அதிகாரிகளுக்கு மனுக் கொடுத்தார். மறுக்கப்பட்டதும் வழக்குத் தொடுத்தார். அவருடைய காணி எந்தப் பாடசாலைப் பிரிவுக்குள் வருகிறது என்ற எல்லைத் தகராற்றைக் காட்டி 1948இல் வழக்குத் தள்ளுபடியானது. அத்தோடு விடவில்லை, வெள்ளையின வியாபாரிகள் அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். விதைக்கும் பசளைக்கும் கடனை நம்பியிருந்த ஒரு கமக்காரனுக்கு அது என்னவென்று நெடுங்கேணியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அடுத்த முறை தனி ஒருவர் போகவில்லை. 1949 நவம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு தயாரானது. இப்போது அவர்கள் கேட்டது பஸ்ஸை மட்டும் அல்ல. கட்டடம், ஆசிரியர், வசதி என எல்லாவற்றிலும் சமத்துவம். அகர வரிசையில் முதலில் வந்த பெயர் ஹரி பிரிக்ஸ். எரிபொருள் நிலையத்தில் வேலை பார்த்த முன்னாள் கடற்படை வீரர். அவர் வேலையை இழந்தார். விடுதியில் அறை துப்புரவு செய்த மனைவி எலைசாவும் வேலையை இழந்தார். 1955இல் டிலேனின் தேவாலயம் எரிக்கப்பட்டது. அவர் மாநிலத்தை விட்டே போக வேண்டியிருந்தது. ஆனால் அவர்களின் 'பிரிக்ஸ் எதிர் எலியட்' வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் 'பிரவுன் எதிர் கல்விச் சபை' என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றானது. 1954 மே 17இல் வந்த அந்தத் தீர்ப்பு, பாடசாலைகளில் இனப் பிரிப்பு அரசியலமைப்புக்கு விரோதமானது என்றது.

இந்தக் கதையை நீதிமன்ற வெற்றியாகவே பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பழைய பஸ்ஸுக்கும் மனுவுக்கும் இடையே நடந்த மாற்றம். காசு சேர்த்து பஸ் வாங்கியபோது அவர்கள் நல்ல பெற்றோர், யாரும் எதிர்க்கவில்லை. அரசு தர வேண்டியதை அரசிடமே கேட்டபோதுதான் எதிர்ப்பு வந்தது. தொண்டர் ஆசிரியருக்குச் சம்பளம் சேர்க்கும் நம் பெற்றோர் இன்னும் பழைய பஸ்ஸில்தான் இருக்கிறார்கள். அந்த ஆசிரியர் வகுப்பில் நிற்கும்வரை வெற்றிடமும் யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை.

லண்டனில் நடந்தது வேறு விதம். 1960களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்களுக்கான சிறப்புப் பாடசாலைகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்பட்டார்கள். பல பெற்றோர் அதை நல்ல 'விசேட' பாடசாலை என்றே நம்பியிருந்தார்கள். 1971இல் பேர்னாட் கோர்ட் என்ற ஆசிரியர் இதை அம்பலப்படுத்தி ஒரு சிறு நூல் எழுதினார். ஜோன் லா றோஸின் நியூ பீக்கன் பதிப்பகம் அதை வெளியிட்டது. அதிகாரிகளை மட்டும் நோக்கியதல்ல அந்த நூல். பிள்ளையை எந்தச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள், பாடசாலைக்கு நேரில் போங்கள், நம் பிள்ளைகளுக்கு நாமே மேலதிகப் பாடசாலை நடத்துவோம் என்று பெற்றோரோடு பேசியது. சனிக்கிழமைப் பாடசாலைகள் வீட்டு முன்னறைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் பெருகின. 1975இல் பாடசாலை மாணவன் ஒருவன் பொலிஸாரால் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து கறுப்பினப் பெற்றோர் இயக்கம் உருவானது. இன்று அதே லண்டனில் நம்மவர்களும் வார இறுதியில் தமிழ்ப் பாடசாலை நடத்துகிறார்கள். அவர்களின் அக்கறை பெரும்பாலும் மொழியும் கலையும். பாடசாலை தன் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறது என்ற கேள்வியே கறுப்பினப் பெற்றோரைச் சனிக்கிழமை வகுப்புக்கு இட்டுச் சென்றது.

ரொறன்ரோவில் அந்தக் கேள்வி இலக்கங்களாக மாறியது. அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் அமைப்பு 1980இலேயே தொடங்கிவிட்டது. 2006 முதல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, மாணவரின் இனப் பின்னணியையும் கேட்டுப் பதியும் கணக்கெடுப்பை நடத்துகிறது. 2017இல் யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கை அந்தத் தரவை வைத்தே பேசியது: பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் கல்விப் பிரிவில் வெள்ளையின மாணவர் 81 சதவீதம், கறுப்பின மாணவர் 53 சதவீதம். அதற்குப் பிறகு 'அக்கறை இல்லை' என்ற விளக்கம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பிரிக்கும் முறையே விசாரணைக்கு வந்தது. ஒன்ராறியோ மாகாணம் 2021இல் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் அந்தப் பிரிப்பைக் கைவிட்டது. ஸ்காபரோவில் வாழும் நெடுங்கேணிக்காரர்களின் பிள்ளைகள்கூட இந்த மாற்றத்தின் பயனைப் பெறுகிறார்கள். அது யார் போராடிப் பெற்றது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கறுப்பினப் பெற்றோரின் கதை எங்கோ நடந்தது என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்ட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அங்குள்ள பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கு இல்லை. நிலத்தில் இருந்தார்கள், சில இடங்களில் வகுப்புக்கு வெளியே நின்று கேட்டார்கள், பல இடங்களில் அனுமதியே இல்லை. யோவேல் போல் போன்றவர்கள் முன்னின்ற ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் 1920களின் பிற்பகுதியில் சம ஆசனமும் சமபோசனமும் கேட்டு இயங்கியது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்து மனுக்கள் போயின. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தார்கள். 1930 அளவில் பாடசாலைகள் கொளுத்தப்பட்டன. தேவாலயத்தை எரித்த கிளாரண்டனுக்கும் பாடசாலையை எரித்த யாழ்ப்பாணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1940களில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை இந்தக் கோரிக்கையைத் தொடர்ந்து எடுத்துச் சென்றது. தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை கேட்டு அதில் இயங்கிய எம்.சி. சுப்பிரமணியமும் தோழர்களும் கதவு கதவாகத் தட்டினார்கள். அவர்கள் பெற்றோரை ஒன்றுகூட்டிய விதமும், முறைப்பாடுகளை ஊர் ஊராக எழுதிச் சேர்த்த விதமும் நமது சொந்த வரலாறு. அதைப் பாடசாலைப் பாடநூலில் நம் பிள்ளைகள் படிப்பதில்லை.

அந்த வரலாற்றின் மிச்சம் வன்னியிலும் இருக்கிறது. மலையக வம்சாவளிக் குடும்பங்கள் மூன்றாம், நான்காம் தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. போரில் இந்த நிலத்துக்கு அவர்கள் கொடுத்த விலை யாருக்கும் குறைந்ததல்ல. ஆனாலும் 'தோட்டக்காட்டார்', 'இந்தியாக்காரர்' என்ற சொற்கள் வாயை விட்டுப் போகவில்லை. காணி உறுதி, நீர்ப்பாசனம், பாடசாலையின் தரம் ஆகியவற்றில் அவர்களின் குடியிருப்புகள் பின்தங்கியிருப்பதைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். தமிழர் உரிமை பேசும் நாமே நமக்குள் இருக்கும் இந்தப் படிநிலையைப் பேசாமல் விட்டால், கல்வி பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுத்தான்.

ரொறன்ரோவைப்போலப் பிள்ளையின் பின்னணியைப் பதிய வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன். சாதியையோ வம்சாவளியையோ பாடசாலை இடாப்பில் எழுதினால் அது பிள்ளைக்குக் கேடாகவே திரும்பும். நமக்கு அது தேவையும் இல்லை. குடியேற்றங்கள் ஊர் ஊராக அமைந்திருப்பதால், கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் கணக்கு எடுத்தாலே போதும்: தரம் ஒன்றில் சேர்ந்தவர் எத்தனை பேர், சாதாரண தரம் எழுதியவர் எத்தனை பேர், கணிதத்தில் சித்தியடைந்தவர், உயர்தரத்துக்குப் போனவர், எந்தப் பிரிவுக்குப் போனார், இடையில் நின்றவர் எங்கே. வலயச் சராசரிக்குள் மறைந்திருக்கும் ஊர் தன் முகத்தோடு வெளியே வரும்.

இதற்கான சட்டக் கருவிகள் கையில் இருக்கின்றன. 1997இல் கொண்டுவரப்பட்ட கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்குப் போக வேண்டும் என்றன. 2016இல் அந்த எல்லை 16 வயதானது. பாடசாலை வரவைக் கண்காணிக்க ஊர் மட்டத்தில் குழுக்கள் அமைக்கவும் அந்த விதிகள் இடம் வைத்திருக்கின்றன. இன்று அவை இயங்கும் இடங்களில்கூடப் பிள்ளையை அனுப்பாத தாயைக் கேள்வி கேட்கவே பயன்படுகின்றன. ஆசிரியர் வராத வகுப்புக்குப் பிள்ளை ஏன் வர வேண்டும் என்று அதே குழு திருப்பிக் கேட்கலாம். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தப் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, கடமையில் இருப்போர் எத்தனை பேர், இங்கே நியமனம் பெற்று வேறு பாடசாலையில் இணைப்பில் இருப்பவர் எத்தனை பேர் என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்க வேண்டும். வாயிலைப் பூட்டி, பதாகை பிடித்து ஒரு நாள் மறியல் செய்தால் ஒரு ஆசிரியர் வருவார். அடுத்த வருடாந்த இடமாற்றத்தில் அவர் போய்விடுவார். வன்னியில் இது பலமுறை நடந்திருக்கிறது. மறியலின் கோபம் நியாயமானது. ஆனால் மூன்று, நான்கு ஆண்டு ஆளணிக் கணக்கைத் தாளில் வைத்திருக்கும் பெற்றோரை ஒரு தற்காலிக இணைப்போடு சமாதானப்படுத்த முடியாது.

ஆசிரியரை எதிரியாக்குவதும் தவறு. யாழ்ப்பாணத்திலிருந்து கஷ்டப் பிரதேச சேவைக்கு வரும் இளம் ஆசிரியைக்குத் தங்குமிடம் இல்லை. பஸ் நேரத்துக்கு இல்லை. உள்வீதியில் காலையும் மாலையும் யானைப் பயம். அவர் இடமாற்றம் கேட்பதில் என்ன வியப்பு? ஆசிரியர் விடுதியும் இ.போ.ச. பஸ்ஸின் நேரமும் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் பொதுவான கோரிக்கைகள். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து கேட்க வேண்டியவை அவை.

கேட்பதற்குத் துணிவு எங்கிருந்து வரும் என்பதுதான் கடினமான பகுதி. லீவை பியர்சனின் பசளைக் கடனைப்போல இங்கேயும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டு இருக்கிறது: அரசின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு, காணி அனுமதிப்பத்திரம், கிராம அலுவலரின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக, "என்ர பிள்ளையை வகுப்பில ஏதும் செய்து போடுவினம்" என்ற பயம். கணவனை இழந்தோ தேடியோ தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. தனியாகக் கேட்ட பியர்சனால் முடியாததைச் சேர்ந்து கையெழுத்திட்டவர்களால் தொடர முடிந்தது. அதனால்தான் அதிபரைத் தலைவராகக் கொண்ட சங்கத்துக்கு அருகில், பெற்றோர் மட்டும் கூடும் ஓர் இடம் தேவை என்று நினைக்கிறேன். புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஏற்கெனவே ஊர்தோறும் இருக்கின்றன. தாய்மார் அங்கே பேசப் பழகியவர்கள். மாதக் கூட்டத்தில் பாடசாலைக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கடிதம் ஒருவர் பெயரில் போகாமல் சங்கத்தின் பெயரில் போகும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டபம், நுழைவாயில் வளைவு, கணினி அறை, துவிச்சக்கரவண்டி எல்லாம் வந்து சேர்ந்தன, நன்றி. அந்தக் காசில் ஒரு சிறு பங்கில், ஊரில் உயர்தரம் முடித்த ஒரு இளம்பெண்ணுக்கு மாதாந்தம் கொடுத்து, ஊர்வாரிக் கணக்கை எழுதி வைக்கவும், தகவல் கோரிக்கைக் கடிதங்களை அனுப்பவும், பதிலைத் தாய்மாருக்கு வாசித்துச் சொல்லவும் ஏற்பாடு செய்யலாம். வருடாந்த இடமாற்றப் பட்டியல் தயாராவதற்கு முன்பே, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடசாலையில் ஆள் இல்லை என்ற தாள் வலயப் பணிப்பாளரின் மேசைக்கும், மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், வவுனியா நிருபர்களுக்கும் ஒரே நாளில் போக வேண்டும். முதல் ஆண்டு பதில் வராமல் போகலாம். இரண்டாம் ஆண்டு அதே தாளை, பதில் வராத திகதியையும் சேர்த்து, மறுபடி அனுப்ப வேண்டும்.